சிஸ்டர் மரியாதையாகப் பேசிய வாரம்

என் தொண்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குன்னூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் சிஸ்டர் இன்சார்ஜாக இருந்த காலத்தில், வார்டில் நின்று ஒரு சத்தம் போட்டால் கீழே இலை எடை போடுகிற ஷெட்டில் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எங்கள் டாக்டர் முட்டைக்கோஸ் போட்டிருந்தார். அதற்குள் காட்டெருமை இறங்கினால் அவர் வாட்ச்மேனைக் கூப்பிட மாட்டார். "சிஸ்டர், கொஞ்சம் வெளிய வந்து பேசுங்க" என்பார். நான் வெளியே வந்து பேசுவேன். அது போய்விடும்.

இதை ஒரு குறையாக நான் அன்றைக்கும் நினைத்ததில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. கோயமுத்தூர்ப் பக்கம் தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவள் நான். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் தட்டில் சோறு விழும். எங்கள் ஊர்க்காரர்கள் கன்றுக்குட்டியைக்கூட வாங்க, போங்க என்பார்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. அந்த மரியாதையை எல்லாம் மேட்டுப்பாளையத்திலேயே இறக்கி வைத்துவிட்டு மலையேறியவள் நான். டாக்டருக்கும் மேனேஜருக்கும் மட்டும் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பொது வார்டு, ஒரு பிரசவ வார்டு, மருந்து கொடுக்கிற ஜன்னல், அடுப்பு எரிகிற ஒரு பின்கட்டு. ஓய்வு பெறுகிற வயதைத் தொட்டுவிட்ட டாக்டர், நான், முறை மாற்ற வந்துபோகிற ஒரு நர்ஸ், இரண்டு ஆயாக்கள். பெரிய ஆயா சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். வாய் என்றால் வாய், எனக்குச் சமமாக நிற்கும். சின்ன ஆயாவுக்கு முப்பது வயதிருக்கும். அன்னூர்ப் பக்கத்துப் பெண், எஸ்டேட்டில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். வேலையில் சேர்ந்து வருஷங்கள் ஆகியும் டெம்பரரியாகவே இருந்தாள்.

அது தேயிலை விழுந்த காலம். விலை விழுந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தேயிலை விழுந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். ஜெகதளாப் பக்கம் சொந்தத் தோட்டம் வைத்திருந்தவர்கள், பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று இலையைப் பறிக்காமலே விட்டுவிட்டார்கள். தேயிலை ஒரு மரம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இடுப்பு உயரத்தில் வெட்டிவெட்டி வைத்ததையே பார்த்துப் பழகியவள், அது தலைக்கு மேலே வளர்ந்து நின்றதைக் கண்டு வாயைப் பிளந்தேன். எங்கள் ஃபாக்டரியிலும் பாதி நாள் மிஷின் ஓடவில்லை. சின்ன ஆயாவின் வீட்டுக்காரர் அந்த ஃபாக்டரியில்தான் இருந்தார். மிஷின் ஓடாத நாட்களில் அவர் வாசலில் உட்கார்ந்து பழைய ரேடியோவைப் பிரிப்பதும் மாட்டுவதுமாக இருப்பார். வீட்டில் அடுப்பு எரிந்தது இவள் சம்பளத்தில்.

இந்த நேரத்தில்தான் மேனேஜர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். தொழிலாளர்கள் அவரைத் தொரை என்பார்கள். நிறம் என்னவோ என்னைவிட ஒரு பிடி கறுப்பு. சத்தம் போடுவதில் அவரும் என் கட்சிதான். நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்கு பினாயில் வாங்குவதைப் பற்றிப் பேசினால், யாரோ அடித்துக்கொள்கிறார்கள் என்று கிளார்க் எட்டிப் பார்ப்பார்.

"சிஸ்டர், குன்னூர்ல ஒரு ட்ரெய்னிங். ஆஸ்பத்திரில பொறுப்புல இருக்கறவங்களுக்காம். லீடர்ஷிப், கோச்சிங் ஸ்கில்ஸ் அப்படின்னு போட்டிருக்கான். நமக்குச் செலவில்ல, மத்தியானச் சாப்பாடும் உண்டு. போயிட்டு வாங்க" என்றார். எழுந்தேன். அப்போது பேப்பரைப் பார்த்துக்கொண்டே, "ஆஸ்பத்திரில ஒரு ஆயா போஸ்ட்டை எடுக்கணும்னு ஹெட் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. டெம்பரரியா இருக்கறவதான் போகணும். மாசக் கடைசிக்குள்ள நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

நான் சத்தம் போட்டேன். அவரும் போட்டார். கிளார்க் எட்டிப் பார்த்தார். ஆனால் போஸ்ட் போவது போவதுதான் என்று ஆகிவிட்டது. வேலை போகிறவளை மலைக்கு, அதாவது தோட்டத்துக்கு, தேயிலை பறிக்க அனுப்பலாம் என்று பேச்சுக்குச் சொன்னார். மலையிலேயே பாதிப் பேருக்கு வேலை இல்லாதபோது அது வீட்டுக்கு அனுப்புவதற்கு வைத்த இன்னொரு பெயர்.

நான் ட்ரெய்னிங் போகிற செய்தி எனக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. கோச்சிங் என்றால் எஸ்டேட்டில் ஒரே அர்த்தம்தான். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்ட பிள்ளைகள் சாயங்காலம் போய் உட்காரும் இடம். "சிஸ்டரம்மா, உங்களுக்கே கோச்சிங் வச்சிருக்காங்களாம். என்னா பாடத்துல போச்சு?" என்று பெரிய ஆயா கேட்டது. எல்லாப் பாடத்திலும்தான் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

குன்னூரில் ஒரு ஹாலில் எங்களை வட்டமாக உட்கார வைத்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்த அம்மா சென்னைக்காரர். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சிரிப்பு. நல்ல மனுஷி, அதை மறைக்கக் கூடாது. "லீடர்னா ஆர்டர் போடறவங்க இல்ல. கேள்வி கேக்கறவங்க" என்று ஆரம்பித்தார். தப்பு நடந்தால் திட்டக் கூடாது, வழி சொல்லிக் கொடுக்கவும் கூடாது. என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகு வாயைத் திறக்கவே கூடாது. மனசுக்குள் எண்ணிக்கொண்டே காத்திருந்தால் பதில் அவர்களிடமிருந்தே வரும். இவ்வளவுதான் சாரம். மற்றதெல்லாம் கலர் பேப்பர்.

இரண்டிரண்டு பேராகப் பழகச் சொன்னார்கள். ஊட்டியிலிருந்து வந்திருந்த ஒரு ஆஸ்பத்திரி நிர்வாகி எனக்கு ஜோடி. அவர் லேட்டாக வரும் நர்ஸ், நான் லீடர். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே, "பஸ் லேட்டுங்க மேடம்" என்றார். "எந்த பஸ்ஸு? அது எத்தன மணிக்கு லவ்டேல் தாண்டுது? நீ எந்த ஸ்டாப்ல ஏறுன?" என்று நான் கேட்டேன். கேள்விதானே கேட்கச் சொன்னார்கள். அந்த மனிதர் உண்மையாகவே திணறிப்போய், காலையில் எழுந்திருக்க நேரமாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். ட்ரெய்னர் அம்மா ஓடி வந்து, "சிஸ்டர், இது கோச்சிங் இல்ல, போலீஸ் விசாரணை" என்றார்.

ஒரு சந்தேகத்தையும் கேட்டேன். "மேடம், எங்க எஸ்டேட்ல 'என்ன நெனச்சுட்டு இருக்கே'ன்னு கேட்டா அது கேள்வி இல்லீங்க. அது திட்டுங்க. அதுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டாங்க."

அவர் மகிழ்ந்துபோய் அதை போர்டிலேயே எழுதினார். "சூப்பர் பாயின்ட். அதனாலதான் மரியாதையா கேக்கணும். உக்கார வைங்க. 'நீங்க என்ன நினைக்கறீங்க'ன்னு கேளுங்க. அந்த 'ங்க' இருந்தா எல்லாம் மாறிடும் பாருங்க." மாறத்தான் மாறியது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் எஸ்டேட்டில் இருந்ததில்லை.

திங்கட்கிழமை காலை. கத்தரி, இடுக்கியெல்லாம் கொதிக்க வைக்கிற பாத்திரத்தைச் சின்ன ஆயா அடுப்பில் ஏற்றிவிட்டு மறந்திருந்தாள். தண்ணீர் வற்றி, அடி கருகி, வார்டு முழுக்கக் காந்தல் நாற்றம். எனக்கு அடிவயிற்றிலிருந்து சத்தம் கிளம்பித் தொண்டை வரை வந்துவிட்டது. அதை அங்கேயே பிடித்து நிறுத்தினேன். அப்படி நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது, பிரசவ வலியில் முக்க வேண்டாம் என்று நான் அதட்டிய பெண்களுக்குத்தான் தெரியும்.

"வாங்க" என்றேன். அவள் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

"உங்களைத்தான். உக்காருங்க. இந்தப் பாத்திரத்தைப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க?"

கேட்டுவிட்டு, ட்ரெய்னர் அம்மா சிரித்த மாதிரியே சிரித்துக்கொண்டு மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்தது. நான் எண்ணி முடிப்பதற்குள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடிவிட்டாள். அழுகைச் சத்தம் கேட்டது. மனம் திறக்கிறாள், கோச்சிங் வேலை செய்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் பெரிய ஆயா வந்தது. "சிஸ்டரம்மா, அந்தப் புள்ளைய என்னா சொன்னீங்க?"

"உக்காருங்க ஆயா. உங்களுக்கு என்ன தோணுது?"

என்னிடம் சரிக்குச் சரி நிற்கிற அந்தப் பெரிய ஆயா பொத்தென்று உட்கார்ந்தது. "அப்ப முடிவாயிருச்சா?"

"எதக் கேக்கறீங்க?" பதில் சொல்லக் கூடாதே.

என்னையே பார்த்தது. நான் சிரித்துக்கொண்டு காத்திருந்தேன். "சரி, வேணாம். கதைக்கக் கூடாதுன்னு உங்களுக்கு மேலருந்து சொல்லியிருப்பாங்க. எங்களுக்கு விளங்குது" என்று என் கையை ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டு எழுந்து போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் பெரிய ஆயா என் கையைத் தொட்டதே இல்லை.

டாக்டரையும் விடவில்லை. அவர் வந்து மருந்து ஸ்டாக் பற்றி என்னவோ கேட்டார். "நீங்க என்ன நினைக்கறீங்க டாக்டர்?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எனக்கு ரிட்டயர்மென்ட் ஆர்டர் வந்துருச்சா சிஸ்டர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி வாசலில் திருவிழா மாதிரிக் கூட்டம். தொழிலாளர் குடியிருக்கிற லயங்களிலிருந்து ஜனம் வந்துகொண்டே இருந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆடுகிற பல்லை இன்றைக்குப் பிடுங்கியே ஆக வேண்டும் என்று ஒரு தாத்தா. இருமலே இல்லாமல் இருமல் மருந்துக்கு பாட்டில் கொண்டுவந்தவர்கள் ஒரு பத்துப் பேர். மறுநாள் காலையில் ஒருத்தி பாய், தலையணை, வெந்நீர்ச் செம்பு, மாமியார் சகிதம் வந்து பிரசவ வார்டில் இடம் பிடித்தாள். அவளுக்குத் தேதி அடுத்த மாதம். "பரவால்லீங்க சிஸ்டர், நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். கடைசியாகப் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் வந்தாள். எத்தனை மாதம் என்று கேட்டேன். இன்னும் ஒன்றும் இல்லை, பெயரை மட்டும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

இவ்வளவுக்கும் நான் எல்லாரிடமும் வாங்க, உக்காருங்க, என்ன நினைக்கறீங்க என்றே நடமாடிக்கொண்டிருந்தேன். சொல்லச்சொல்லக் கூட்டம் கூடியது. இந்தக் கோச்சிங்கால் உருப்படியாகப் பயனடைந்தது காட்டெருமை மட்டும்தான். பின்னால் இறங்கி, கேட்பாரின்றி முட்டைக்கோஸ் பாத்தியைச் சுத்தமாக முடித்துவிட்டுப் போயிற்று.

புதன்கிழமை காலை பெரிய ஆயா வார்டு சாவியைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தது. கண் கலங்கியிருந்தது.

"இது எதுக்குங்க ஆயா?"

"பூட்டத்தான். இந்த 'ங்க' போட்டது போதும் சிஸ்டரம்மா, எங்களால தாங்க முடியல. போன வருசம் பக்கத்துத் தோட்டத்துல ஒரு டிவிசன மூடுனாங்களே, எங்க சம்பந்தி அங்கதான் இருந்தாரு. அந்தத் தொரை ஆளக் கண்டா ஏசிக்கிட்டேதான் இருப்பாராம். ஒருநா திடீர்னு எல்லாரையும் கூப்பிட்டு வாங்க, உக்காருங்க, நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டாராம். அடுத்த வாரம் கேட்டுல பூட்டு. நீங்களும் திங்கக்கெழமலருந்து ஏசவே இல்ல. நாங்க என்னான்னு நெனைக்கிறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திட்டுகிறவரைக்கும்தான் இவர்களுக்கு வேலை. நாளைக்கு வரப்போகிறவளைத்தான் யாரும் திட்டுவார்கள். மரியாதை என்பது கணக்கு முடிந்த பிறகு கொடுப்பது.

வராந்தாவுக்கு வந்தேன். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தது மொத்தமாக வந்தது. "எந்த அறிவு கெட்டதுடா சொன்னது ஆஸ்பத்திரிய மூடறாங்கன்னு? இருமல் இல்லாம மருந்து கேக்க வந்தீங்களா, வெக்கமா இல்ல? ஏம்மா, அடுத்த மாசம் பெக்கறவ இப்பவே வந்து கட்டிலப் புடிச்சுக்கிட்டா உம்புருசனுக்குச் சோறு ஆக்கறது யாரு, நானா? எந்திரிங்கடி எல்லாரும்!"

கூட்டத்தின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "ஏசுறாங்க! சிஸ்டரம்மா ஏசுறாங்க!" என்று பெரிய ஆயா கும்பிட்டது. பல் தாத்தா பல்லோடு வீட்டுக்குக் கிளம்பினார். கீழே எடை ஷெட்டில் நிமிர்ந்து பார்த்தவர்கள் நிம்மதியாகக் குனிந்தார்கள். கர்ப்பிணிகள் மட்டும் நகரவில்லை, கட்டில் வசதியாக இருந்தது போல.

அந்த வேகத்திலேயே திரும்பினேன். சின்ன ஆயா கருகின பாத்திரத்தைத் தேய்த்தபடி பின்கட்டில் நின்றிருந்தாள். "நீ என்ன நெனச்சுட்டு இருக்கே புள்ள? பாத்திரத்த அடுப்புல வெச்சுட்டு எங்க போயிருந்துச்சு உம்மனசு?"

வழக்கமாக இதற்குப் பிறகு என்னிடமிருந்து இன்னும் நிறைய வரும். ஆனால் மூன்று நாள் பழக்கம் என்னவோ செய்துவிட்டது. கேள்வியோடு வாய் மூடிக்கொண்டது. நான் நின்றேன். அவளும் நின்றாள். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாசக் கடைசியத்தானுங்க நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள் அவள். "ஒரு போஸ்ட் போகுதுன்னு கிளார்க் சொல்லிட்டாருங்க. எப்படியும் என்னத்தான் அனுப்புவீங்கன்னு தெரியுமுங்க சிஸ்டர். நீங்க எப்பச் சொல்லுவீங்க, சொன்னா ஊட்டுல போயி எப்படிச் சொல்றது, அதையேதானுங்க அடுப்புக்கிட்ட நின்னு நெனச்சுட்டு இருந்தேன். தண்ணி வத்துனதப் பாத்துட்டேதானுங்க இருந்தேன். மனசுல படலீங்க."

அந்தக் கேள்வியை என் சர்வீசில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஒருத்தர்கூட அதற்குப் பதில் சொன்னதில்லை. சொல்ல நான் இடம் விட்டதில்லை. அன்றைக்குத் தெரியாமல் விட்ட இடத்தில் அவள் அதைச் சொல்லிவிட்டாள். மாசக் கடைசி அந்த வெள்ளிக்கிழமை. அவளிடம் சொல்ல வேண்டியவள் நான்தான். "பாத்திரம் போதும், விடு. வேற வாங்கிக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மத்தியானம் ஜீப் வந்து நின்றது. மேனேஜர் இறங்கும்போதே கத்திக்கொண்டு இறங்கினார். "என்ன சிஸ்டர் பண்ணி வெச்சிருக்கீங்க? காலைல பெரட்டுல பாதி ஆள் இல்ல, எல்லாம் ஆஸ்பத்திரில நின்னிருக்கு! யூனியன்காரங்க போன் மேல போன்! ட்ரெய்னிங்க்கு அனுப்புனா புரட்சியா பண்றது?" பெரட்டு என்பது காலையில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்புகிற இடம். அவர் கத்தக் கத்த எனக்குச் சொந்தக்காரர் வந்த மாதிரி இருந்தது.

டியூட்டி ரூமுக்குள் வந்ததும் குரலை இறக்கினார். "ஆஸ்பத்திரிய யாரும் மூடல. அந்த ஒரு போஸ்ட்தான். அவகிட்ட சொல்லிட்டீங்களா இல்லையா?"

சொல்ல என்னிடம் ஒரு மூட்டை இருந்தது. அவளுடைய வீடு, பிரிந்து கிடக்கிற ரேடியோ, ஒரே ஆயா பகலும் இரவும் பார்க்க முடியாது என்கிற கணக்கு, எல்லாவற்றையும் குன்னூர் போய்வந்த பஸ்சிலேயே பேசிப் பார்த்து வைத்திருந்தேன். நான் ஆரம்பித்தால் அவரும் ஆரம்பிப்பார், கிளார்க் எட்டிப் பார்ப்பார், முடிவு பழைய முடிவுதான். அதனால் வார்டுப் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தேன். உள்ளே மூன்று வயிறுகள் வரிசையாகப் படுத்திருந்தன. சின்ன ஆயா ஒருத்திக்குக் கால் நீவிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி தண்ணீர் கேட்டாள், மூன்றாமவளின் மாமியார் சுடுதண்ணீர் கேட்டார். இரண்டுக்கும் அவளே ஓடினாள்.

"இதப் பாத்தா நீங்க என்ன நினைக்கறீங்க சார்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அவர் பார்த்தார். நான் எண்ணவில்லை. சும்மா நின்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டார். ஏதாவது பேசுவேன் என்று என்னைப் பார்த்தார். என் நாக்கு உள்ளே என்ன பாடு பட்டது என்று எனக்குத்தான் தெரியும். கடைசியில் அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"போன வாரம் ஹெட் ஆபீஸ் போயிருந்தேன் சிஸ்டர்" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "எப்பவும் நிக்க வெச்சுதான் கிழிப்பாங்க. இந்த வாட்டி வாங்க, உக்காருங்கன்னாங்க. காபி குடுத்தாங்க. வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னாங்க. இந்த எஸ்டேட்டப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்கன்னு கேட்டாங்க."

அந்த எஸ்டேட்டிலேயே அந்த மனிதரைவிடப் பயந்தவர் யாரும் இல்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. பெரிய ஆயா சொன்ன பக்கத்துத் தோட்டத்துக் கதை வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

"என்மேல கத்தறதுக்குக்கூட அங்க யாருமே இல்ல" என்றார். வார்டை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு எழுந்தார். "அவகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் இருக்கற வரைக்கும் இந்த ஆஸ்பத்திரில ஒரு போஸ்ட்டும் எடுக்கல. என்னை எடுக்கறவங்க வந்து எடுத்துக்கட்டும்." வெளியே போய் டிரைவரை ஏதோ காரணத்துக்கு ஒரு கத்துக் கத்தினார்.

வெள்ளிக்கிழமை வந்து போயிற்று. சின்ன ஆயாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில், இடுக்கியை ஈரத்தோடு வைத்ததற்காக அவளை நான் ஒரு பிடி பிடித்தேன். கேட்டுக்கொண்டே நின்றவள் கடைசியில் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு நான் திட்டுவதை விடவில்லை. திட்டிவிட்டு, வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் நிற்பது என்று ஒன்றை மட்டும் சேர்த்துக்கொண்டேன். எங்கள் மலைக்கு அதுதான் கோச்சிங். அந்த இடைவெளியில் நான் கேட்ட விஷயங்களை வைத்துத்தான் பிறகு அந்த ஆஸ்பத்திரியை நடத்தினேன். ட்ரெய்னர் அம்மாவிடம் சொன்னால் போர்டில் எழுதியிருப்பார்.

மழைக்காலம் முடிவதற்குள் மேனேஜர் போஸ்ட் போய்விட்டது. இரண்டு எஸ்டேட்டுக்கும் ஒரே மேனேஜர் போதும் என்று ஹெட் ஆபீசில் முடிவு செய்தார்கள். ரொம்ப மரியாதையாகச் சொன்னார்களாம். போவதற்கு முந்தின வாரம் அவர் போட்ட கையெழுத்துகளில் ஒன்று, சின்ன ஆயாவை பெர்மனென்ட் ஆக்கியது. பெர்மனென்ட் ஆனவளை அப்புறம் வந்தவர்களால் அசைக்க முடியவில்லை.

கடைசி நாள் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிக்கொள்ள வந்தார். நல்ல மழை. ஜீப்பை ஒப்படைத்துவிட்டு நடந்தே வந்திருந்தார்.

"வாங்க சார், உக்காருங்க" என்றேன். மனசார வந்த வார்த்தை.

அவர் முகம் சுருங்கியது. "நீங்களுமா சிஸ்டர்? காலைலேர்ந்து எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. எப்பவும் போலப் பேசி அனுப்புங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் தொண்டை என்னைக் கைவிடவில்லை. "ஏனுங்க, இந்த மழையில தலையில ஒரு துண்டுகூட இல்லாம, ஸ்வெட்டரும் இல்லாம நனஞ்சு வந்து நிக்கறீங்களே, நீங்க என்னதான் நெனச்சுட்டு இருக்கீங்க?" என்று ஒரு சத்தம் போட்டேன். எடை ஷெட்டில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். அவர் முகம் மலர்ந்தது.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"இனி எங்க போறதுன்னுதான் நெனச்சுட்டு இருக்கேன் சிஸ்டர்" என்றார்.

சின்ன ஆயா துண்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டு டீ போடப் போனாள். நான் உட்காருங்கள் என்று சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் அவர் பக்கம் தள்ளினேன். உட்கார்ந்தார்.